கொடுவா வந்த வீடு

மீன் விற்கிறவள் வீட்டில் கண்ணாடித் தொட்டி வைத்து மீன் வளர்த்தோம் என்று சொன்னால் எங்கள் குப்பத்தில் இன்றைக்கும் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். கொல்லன் தெருவில் ஊசி விற்ற கதைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதை யாரும் ஆசைப்பட்டு வாங்கவில்லை. நான் ஐந்து மாதத்துக்கு மேல் கட்டிலை விட்டு இறங்காமல் கிடக்க வேண்டியிருந்தது. கிடக்கிறவள் கத்திக் கத்தி வீட்டில் இருக்கிறவர்களை ஓட்டிவிடாமல் இருக்க, என் வீட்டுக்காரர் கண்டுபிடித்த வழி அது.

அதற்கு முன்னால் எனக்கு இரண்டு பிள்ளைகள் தங்காமல் போயிருந்தன. இரண்டுமே ஐந்தாம் மாதத்தில். இரண்டாவது போனது திருப்பாலைவனம் சந்தையில், மீன் அன்னக்கூடையை இறக்கி வைத்துவிட்டு நிமிர்ந்தபோது. அதைப் பற்றி அதிகம் எழுத மாட்டேன். மூன்றாவது தங்கியதும் பொன்னேரியில் டாக்டரம்மா ஸ்கேன் பார்த்துவிட்டு, கர்ப்பப்பை வாய் பலமில்லை, தையல் போட்டுத்தான் பிள்ளையை உள்ளே நிறுத்த முடியும் என்றார். போட்டார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "பாத்ரூமுக்குக்கூட நடக்கக் கூடாதும்மா. பெட்டுலயே எல்லாம். கால் தரையில படக் கூடாது. இந்தத் தடவை விட்டோம்னா அப்புறம் ரொம்பக் கஷ்டம்." எனக்கு அப்போது முப்பத்தாறு வயது. விட்டால் அவ்வளவுதான் என்று அவர் சொல்லாமலே எனக்குத் தெரியும்.

கார்த்திகை மழையில் ஆட்டோவில் படுத்தபடி ஊர் வந்தேன். முன் அறையில் கட்டில் போட்டு, கால்மாட்டில் இரண்டு இரண்டு செங்கல் வைத்து உயர்த்தினார்கள். தலை கீழே, கால் மேலே. ரத்தம் முகத்துக்கு வந்து நாள் முழுக்க மூக்கடைத்த மாதிரியே இருக்கும்.

படுத்துக் கிடப்பது சுகம் என்று நினைக்கிறவர்கள் ஒரு வாரம் கிடந்து பார்க்க வேண்டும். என் வாய்க்கு ஊரே பயப்படும். அன்னக்கூடையில் தண்ணீர் சொட்டுகிறது என்று கண்டக்டர் முகம் சுளித்தால், பஸ்ஸே திரும்பிப் பார்க்கிற மாதிரி பதில் சொல்கிறவள் நான். அப்படிப்பட்டவள் ஒன்றுக்கு வந்தால் மாமியாரைக் கூப்பிட வேண்டியிருந்தது. அத்தை வருவாள், தட்டை வைப்பாள், எடுப்பாள், போவாள். ஒரு வார்த்தை பேச மாட்டாள். திட்டினால்கூடப் பரவாயில்லை, திருப்பித் திட்டலாம். அந்த மௌனத்துக்கு என்ன பதில் சொல்வது? முதுகு வேர்த்துப் புண்ணாகியது. கூரை ஷீட்டில் எத்தனை போல்ட்டு என்று எண்ணி முடித்து, பிறகு எண்ணிக்கை மறந்து, திரும்ப எண்ணினேன். வெளியே ஏலம் கூவுகிற சத்தம், பைக் சத்தம், குழாயடிச் சண்டை எல்லாம் கேட்கும். ஒரு சண்டையிலாவது நான் இல்லையே என்று வயிறு எரியும்.

கர்ப்பக்காரியின் புருஷன் தேங்காய் உடைக்கக் கூடாது, பாடை தூக்கக் கூடாது என்று அத்தை அவருக்கும் சட்டம் போட்டிருந்தாள். மீன் பிடிப்பதை மட்டும் யாரும் தடுக்கவில்லை. தடுத்தால் உலை கொதிக்காதே. அவர் பாட்டுக்கு விடியலில், கடலோடு சேர்ந்த எங்கள் உப்பு ஏரிக்குப் போய்விடுவார். நான் கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

மார்கழி பிறந்த வாரம் ஒரு நாள், அவரும் அவர் கூட்டாளியும் லோடு ஆட்டோவில் இரண்டடி நீளக் கண்ணாடித் தொட்டி ஒன்றைப் போர்வையில் சுற்றிக் கொண்டுவந்து இறக்கினார்கள். கொளத்தூர் கலர் மீன் கடையில் வாங்கியதாம். டி.வி.யை நகர்த்திவிட்டு, என் கண்ணுக்கு நேராக மேசை மேல் வைத்தார்கள். கலர் கூழாங்கல், பிளாஸ்டிக் செடி, காற்றுக் குமிழ் விடுகிற மோட்டார். பாலிதீன் பைகளில் மீன்கள்: நீலமும் சிவப்புமாக ஆறு நியான் டெட்ரா, தோகை வாலுடன் எட்டுக் கப்பி, இரண்டு கருப்பு மோலி, கண்ணாடியில் ஒட்டிக்கொள்கிற சக்கர் ஒன்று.

"இதெல்லாம் ஒண்ணோட ஒண்ணு சண்ட போடாதாம். ஒரே தொட்டில ஒத்துமையா இருக்குற ஜாதியாம், கடக்காரன் சொன்னான்" என்றார் பெருமையாக.

"யோவ், நானே ஜெயில்ல கெடக்கறேன். எனக்குத் தொணைக்கு இன்னும் பதினேழு கைதிங்களா?"

"இன்னாமே இப்டி பேசுற. பொழுது போவும்ல."

அத்தை கிட்டே வந்து கண்ணாடியைத் தட்டிப் பார்த்தாள். "கொழம்புக்கும் ஆவாது, வறுவலுக்கும் ஆவாது. இதுக்குப் போயி கொளத்தூரு" என்று சொல்லிவிட்டு அடுப்புக்குப் போனாள்.

முதல் இரண்டு நாள் நான் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டேன். அந்த மீன்கள் இடது மூலை வரை போய்க் கண்ணாடியில் மூக்கை இடித்துத் திரும்பி, வலது மூலை வரை போய் இடித்துத் திரும்பின. அதைப் பார்த்தால் எனக்கு மூச்சு முட்டியது. மூன்றாம் நாள் தொட்டியில் ஏதோ சலசலப்பு கேட்டுத் திரும்பினேன். ஆண் கப்பி ஒன்று பெட்டைக் கப்பிக்குப் பின்னாலேயே சுற்றிக்கொண்டிருந்தது. அவள் கண்டுகொள்ளவே இல்லை. கடைசியில் வாலால் ஒன்று வைத்தாள் பாருங்கள், நான் சத்தம் போட்டுச் சிரித்துவிட்டேன். அத்தை அடுப்படியிலிருந்து ஓடிவந்தாள், ஏதோ ஆகிவிட்டது என்று. அதற்கப்புறம் நான் சுவர்ப் பக்கம் திரும்பவில்லை. எந்தக் கப்பிக்கு எந்த வால், எந்த மோலி பொறாமை பிடித்தது, டெட்ராக்கள் ஏன் எப்போதும் கூட்டமாகவே திரிகின்றன, எல்லாம் பாடமாகிவிட்டது. ஆயிரக்கணக்கில் மீன் வெட்டியிருக்கிறேன். ஒரு மீன் எப்படித் தூங்கும் என்று முப்பத்தாறு வயதில்தான் பார்த்தேன்.

வம்பு தண்ணீரில் வந்தது. எங்கள் ஊரில் போரைப் போட்டால் உப்பு. குடிக்க லாரித் தண்ணீர், இல்லாவிட்டால் கேன். தொட்டியில் முதலில் ஊற்றியது கேன் தண்ணீர்தான். நான் பொழுது போகாமல் தீனி போடச் சொல்லிக்கொண்டே இருந்ததில் பத்து நாளில் தண்ணீர் கஞ்சி மாதிரி கலங்கிவிட்டது. மாற்ற வேண்டும் என்றதும் அத்தை வெடித்தாள்.

"குடிக்கற தண்ணிக்கே லாரி பின்னால நாக்கு தள்ள ஓடறோம். மீனுக்கு கேன் தண்ணியா? ஊரு கேட்டா காறித் துப்பும்."

"நீ கம்முனு இரும்மா" என்றார் அவர். "மழ பேஞ்சி ஆத்துத் தண்ணி எறங்கிகீது. ஏரித் தண்ணி இப்ப இனிப்பா கீது. நான் கொண்டாறேன்."

கொண்டுவந்தார், நான்கு குடம். வாயில் ஊற்றிப் பார்த்துவிட்டு, "தேனு மாதிரி கீது" என்று சொல்லித் தொட்டியில் ஊற்றினார். பொய் சொல்லவில்லை, அவர் நாக்குக்கு அது தேன்தான். பிறந்ததிலிருந்து உப்புக் காற்றும் உப்புத் தண்ணீருமாக ஊறிய நாக்கு. மற்றவர்கள் துப்புகிற உப்பு அதற்குத் தெரியாது. மறுநாள் மத்தியானத்துக்குள் ஆறு டெட்ராவும் வயிறு மேலாக மிதந்தன. உப்பு தாங்குகிற கப்பியும் மோலியும் ஒன்றும் நடக்காத மாதிரி திரிந்தன.

அன்றைக்கு எனக்கு ஐந்தாம் மாதம் பிறந்து மூன்று நாள். அழுகை நிற்கவில்லை. மீனுக்காக அழுகிறேனா எதற்காக அழுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. சோறு இறங்கவில்லை. இரண்டு நாள் கஞ்சித் தண்ணீர்தான். அவர் கட்டிலுக்குக் கீழே உட்கார்ந்து, "நான் பண்ண தப்புமே, நான் பண்ண தப்பு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். பிறகு எங்கிருந்தோ கேன் தண்ணீர் வாங்கிவந்து, பாதி மாற்றி, தொட்டியை ஒழுங்கு பண்ணினார்.

அதற்குப் பத்து நாள் கழித்து ஒரு காலையில் கப்பிகளை எண்ணினேன். எட்டு இருக்க வேண்டும். ஏழு. மறுநாள் ஐந்து. செத்து மிதந்தால் தெரியும், கீழே கிடந்தாலும் தெரியும். ஒன்றையும் காணோம்.

"அத்தே, தொட்டில திருடன் கீறான்."

"வாயும் வயிறுமா இருந்தா கண்ணு அப்டித்தான். படு."

படுத்துத்தானே கிடக்கிறேன்! வேறென்ன செய்கிறேன்? கோபத்தில் கண்ணை எடுக்காமல் பார்த்தேன். மத்தியானம் பிளாஸ்டிக் செடிக்குப் பின்னால், காய்ந்த இலை மாதிரி ஒன்று தலைகீழாக நின்றது. விரல் நீளம், பழுப்பு நிறம். மூக்கிலிருந்து பிடரி வரைக்கும் வெள்ளையாக ஒரு கோடு. ஒரு கப்பி அந்தப் பக்கம் போனது. இலை வாயைத் திறந்தது. கப்பி இல்லை. இலை திரும்ப இலையாக நின்றது.

இருபது வருஷம் மீன் விற்றவளுக்கு அந்த வாயைத் தெரியாதா? "கொடுவா! அத்தே, கொடுவாக் குஞ்சு!" என்று கத்தினேன்.

அத்தை வந்து குனிந்து, முந்தானையால் கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தாள். வெகு நேரம் பார்த்தாள். திரும்பியபோது அவள் முகம் வேறாக இருந்தது. கல்யாணமான நாளிலிருந்து நான் பார்க்காத முகம்.

"ஏரித் தண்ணியோட தானா வந்துகீதுடி" என்றாள் மெதுவாக. "ஏரி முழுக்க எடம் கெடக்க, நாலு கொடத் தண்ணில ஏறி நம்ம ஊட்டுக்குள்ள வந்துகீது. அதுவும் அஞ்சாம் மாசத்துல. புள்ள நின்னுடும். இது அதுக்கு அச்சாரம்."

தானாகக் கொடுவா வந்தால் பிள்ளை நிற்கும் என்று எந்தக் குப்பத்திலும் சாஸ்திரம் கிடையாது. அந்த நிமிஷம் வரைக்கும் கிடையாது. சாயங்காலத்துக்குள் ஊரே அதை நம்பியது. பெண்கள் வரிசையாக வந்து தொட்டியைப் பார்த்துவிட்டு, என் வயிற்றைப் பார்த்துவிட்டுப் போனார்கள். ஒருத்தி கண்ணாடிக்குக் குங்குமம்கூட வைத்தாள். சேர்ந்து சிரிக்க ஆளில்லாமல் நான் அவரைப் பார்த்தேன். அவர் வாசலில் வலையைப் பிரித்துக்கொண்டிருந்தார், நிமிரவே இல்லை. பொய் சொல்லக் கூடாது, அன்றைக்கு ராத்திரி நான் ஒரு தட்டுச் சோறு முழுக்கச் சாப்பிட்டேன். அத்தை இன்னொரு கரண்டி போட்டாள், அதையும் சாப்பிட்டேன்.

ஐந்தாம் மாதம் முடிந்தது. முன்பு இரண்டு தடவையும் எது நடந்ததோ அது நடக்கவில்லை. ஆறாம் மாதம் பிறந்தது. இப்போது நம்புகிறாயா என்று யாராவது கேட்டிருந்தால், போடி பைத்தியக்காரி என்றிருப்பேன். ஆனால் காலையில் கண் விழித்ததும் முதலில் வயிற்றில் கை வைப்பேன், அடுத்தது தொட்டியைப் பார்ப்பேன். இரண்டும் அசைந்தால்தான் எனக்கு அன்றைய நாள் தொடங்கும்.

தொட்டியின் ஒற்றுமை என்ன ஆயிற்று என்று கேட்காதீர்கள். கப்பிகள் தீர்ந்தன, மோலிகள் தீர்ந்தன. கல்லை ஒட்டிக் கிடந்த சக்கர் மட்டும் கடிக்க முடியாமல் பிழைத்தது. கொடுவா செத்த இரையைத் தொடாது. அத்தை தினம் உயிரோடு குஞ்சு எறா தேடிக் கொண்டுவந்து போடுவாள். எனக்குக் கஞ்சி ஆற்றுகிற கையால்தான் அதற்கும். மாசி முடிவதற்குள் அது ஒரு சாண் வளர்ந்துவிட்டது.

அப்போதுதான் எனக்கு அதைப் பார்க்கப் பிடிக்காமல் போனது. இரண்டடித் தொட்டியில் ஒரு சாண் மீன் எவ்வளவு தூரம் போகும்? வாலை ஒரு தடவை அசைத்தால் கண்ணாடி வந்துவிடும். மூக்கு நுனி இடித்து இடித்து வெளுத்துப் போயிருந்தது. நாளில் பாதி நேரம் அடியில் அப்படியே நிற்கும், செவுள் மட்டும் அசையும். என்னை மாதிரியே கண்ணை மூடாமல் ஒரே பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். சுற்றி வருகிறவர்களுக்கெல்லாம் அது அச்சாரம். அது என்ன பாடு படுகிறது என்று அந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

"அத ஏரில வுட்டுருங்க" என்றேன் ஒரு நாள், இருவரும் இருக்கும்போது.

"வாயக் கழுவு" என்றாள் அத்தை. "புள்ள பொறக்கட்டும். நானே மஞ்சத்தண்ணி தெளிச்சிக் கொண்டுபோயி வுடறேன். அதுக்கு முன்னால அது இந்த ஊட்ட வுட்டுப் போச்சின்னா," என் வயிற்றைக் காட்டினாள், "இதுவும் பூடும்."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். எனக்கு அவர் மேல்தான் ஆத்திரம் வந்தது. ஆம்பளையாக ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?

பங்குனியில் முகத்துவாரம் அடைத்துக்கொண்டது. கடல் மணலைக் கொண்டுவந்து கொட்டி, ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் வழி மூடிவிட்டால் ஏரியில் எறாவும் வராது, மீனும் வராது. சுற்றியுள்ள குப்பங்கள் எல்லாம் சேர்ந்து ஆளுக்கொரு மண்வெட்டி எடுத்துக்கொண்டு வெட்டப் போவது என்று முடிவாயிற்று. எனக்கு எட்டாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. அன்று காலை அவர் முதல் படகிலேயே போய்விட்டார். வெட்டுகிறவர்களுக்குச் சோறு கொண்டுபோகப் பெண்களும் கிளம்பினார்கள். அத்தை எனக்குத் தட்டு வைத்து எடுத்து, சொம்பில் தண்ணீர் வைத்து, செல்போனைக் கைக்கு எட்டுகிற மாதிரி வைத்து, கொடுவாவுக்கு எறா போட்டாள். வெளியே படகுக்காரன் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். "பக்கத்து ஊட்டுக்காரி வந்து பாத்துக்குவா, ரெண்டு மணிக்கெல்லாம் வந்துருவேன்" என்று சொல்லிக்கொண்டே ஓடினாள். தொட்டி மேல் மூடுகிற பலகையைப் பாதிதான் இழுத்திருந்தாள். நான் அதைக் கவனித்தேன். பரவாயில்லை, வந்து மூடுவாள் என்று விட்டுவிட்டேன்.

பதினொரு மணி இருக்கும். தண்ணீர் பட்டென்று அடித்தது. பலகை சரிந்தது. கொடுவா சிமெண்டுத் தரையில் விழுந்து, ஒரு துள்ளு, இரண்டு துள்ளு, கட்டிலுக்கும் மேசைக்கும் நடுவில் வந்து கிடந்தது. என் கைக்கு நாலு முழம் இருக்கும்.

கத்தினேன். பக்கத்து வீட்டுக்காரியைப் பெயர் சொல்லிக் கத்தினேன். பிறகுதான் தெரிந்தது, லாரி வந்திருக்கிறது என்று அவள் குடத்தோடு போய்விட்டிருந்தாள். தெருவில் ஒரு ஆள் இல்லை. அவருக்கு போன் போட்டேன். அடித்தது, எடுக்கவில்லை. திரும்பப் போட்டேன். இடுப்பளவு தண்ணீரில் நின்று மண் வெட்டுகிறவர் எங்கே எடுப்பார்? அடித்து அடித்து நின்றது. திரும்பத் திரும்பப் போட்டேன்.

மீன் வாயைத் திறந்து மூடியது. கொடுவா லேசில் சாகாது. கூடையில் அடியில் கிடந்து, சந்தைக்கு வந்த பிறகும் செவுள் அசைந்ததை நான் பார்த்திருக்கிறேன். சொம்பை எடுத்துத் தண்ணீரை அதன் மேல் வீசினேன். பாதி பட்டது. வாலை அடித்தது. மிச்சத் தண்ணீரையும் வீசினேன். அதற்கப்புறம்தான் உறைத்தது, காப்பாற்ற வழியில்லாமல் அதன் சாவை நான் இழுத்துக்கொண்டிருக்கிறேன் என்று.

இறங்கினால் நாலு எட்டு. குனிந்து எடுத்துத் தொட்டியில் போட்டுவிட்டு நாலு எட்டு. அவ்வளவுதான். உடம்பை ஒருக்களித்து இடது காலைக் கீழே விட்டேன். நாலு மாதத்துக்குப் பிறகு தரை. சில்லென்றிருந்தது. எடை கொடுத்தபோது அடிவயிற்றில் ஒரு இழுப்பு. திருப்பாலைவனத்தில் நிமிர்ந்தபோது வந்த அதே இழுப்பு.

எழுந்தால் தையல் போகும், பிள்ளை போகும் என்பது டாக்டரம்மா சொன்னது. எழுந்திருக்காவிட்டால் மீன் போகும், பிள்ளையும் போகும் என்பது அத்தை சொன்னது. இதில் எது புத்தி, எது பைத்தியக்காரத்தனம் என்று இப்போது உட்கார்ந்து எழுதும்போது எனக்கு நன்றாகத் தெரிகிறது. அப்போது தெரியவில்லை. ஒரு கால் தரையில், ஒரு கால் கட்டிலில், "ஐயோ நான் இன்னா பண்ணுவேன், நான் இன்னா பண்ணுவேன்" என்று மீனிடமே கேட்டேன். பிறகு காலை மேலே இழுத்துக்கொண்டேன். இரண்டு கையாலும் வயிற்றைக் கட்டிக்கொண்டேன். "எழுந்திருக்க மாட்டேன். நீ செத்துப்போ. நான் எழுந்திருக்க மாட்டேன்" என்று அதன் கண்ணைப் பார்த்துச் சொன்னேன். சத்தமாகத்தான் சொன்னேன்.

அரை மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம் என்று பார்த்தேன், முடியவில்லை. கடைசியில் செவுள் ஒரு பக்கம் மட்டும் மெல்லத் தூக்கியது, அப்படியே நின்றுவிட்டது. வயிற்றிலும் அசைவு இல்லை. அமுக்கிப் பார்த்தேன், இல்லை. சரி, இதுவும் போய்விட்டது என்று முடிவே பண்ணிவிட்டேன். அழுகைகூட வரவில்லை.

அவர் ஓடிவந்தபோது மணி ஒன்றுக்கு மேல். கரை ஏறிப் போனைப் பார்த்திருக்கிறார், என் பெயராக நிறைந்து கிடந்திருக்கிறது. படகை விரட்டிக்கொண்டு வந்திருக்கிறார். உடம்பெல்லாம் சேறு. வாசலில் நின்று தரையில் கிடந்த மீனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மீனைத் தாண்டி வந்து என் தோளைப் பிடித்தார்.

"நீ எழுந்தியா?"

"இல்ல."

"சத்தியமா எழுந்திருக்கலையே?"

"இல்லய்யா. செத்துப்போச்சுய்யா. நான் பாத்துக்கினே இருந்தேன். இனிமே நம்ம புள்ள..."

அவர் தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டார். "அது தானா வரலமே. நான்தான் கொண்டாந்து வுட்டேன். அந்தக் கலர் மீனு செத்துதுல்ல, நீ சோறு துன்னாம கெடந்த. டவுன் மீனு நம்ம தண்ணி தாங்கல, நம்ம ஏரி மீனா இருந்தா நிக்கும்னு, வலைல வந்த குஞ்ச கேன் தண்ணியோட சேத்து வுட்டுட்டேன். வெரலு நீளம்தான் இருந்துது, இன்னா பண்ணிடும்னு நெனச்சேன். அம்மா அச்சாரம் அது இதுன்னு சொன்னப்ப, நீ அன்னிக்கு சாப்ட்ட. அதான் கம்முனு இருந்துட்டேன்."

காலியாக இருந்த சொம்பை எடுத்து வீசினேன். நெற்றியில் பட்டது. வீங்கிவிட்டது. படட்டும் என்றுதான் வீசினேன். விரல் நீளக் கொடுவா இன்னா பண்ணும் என்று ஏரிக்காரனுக்குத் தெரியாதாம்! வாயில் வந்ததையெல்லாம் திட்டினேன், அவர் குலத்தையே இழுத்தேன். அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டே வாங்கிக்கொண்டார். திட்டிக்கொண்டிருக்கும்போது வயிற்றில் ஒரு உதை விழுந்தது. நான் பேச்சை நிறுத்தினேன். இன்னொன்று விழுந்தது. அவர் கையை இழுத்து வயிற்றில் வைத்தேன். சேற்றுக் கை.

அத்தை வந்ததும் அவர் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். அவள் கேட்டுக்கொண்டாள். "நீயே கொண்டாந்தாலும் இன்னா?" என்றாள். "அவ்ளோ பெரிய ஏரில உன் வலைக்கு அது ஏன் வந்துது?" பலகையைச் சரியாக மூடாமல் போனது தன் தப்பு என்று அவள் வாயால் சொல்லவில்லை. ஆனால் கொடுவாவைத் துணியில் சுற்றி, வீட்டுப் பின்னால் குழி தோண்டிப் புதைத்தாள். எங்கள் தெருவில் மீனைப் புதைத்த வீடு எங்கள் வீடு ஒன்றுதான்.

அதற்கப்புறம் ஒரு மாதம் இருந்தது பாருங்கள், முந்தைய மாதங்கள் எல்லாம் அதற்கு முன்னால் தூசு. துக்க வீட்டுக்கு வருகிற மாதிரி பெண்கள் வந்து வாசலோடு நின்றுவிட்டுப் போனார்கள். அத்தை தட்டை எடுக்கும்போது ஒவ்வொரு தடவையும் குனிந்து பார்ப்பாள், ரத்தம் இருக்கிறதா என்று. காலித் தொட்டி எதிரிலேயே இருந்தது. பிழைத்திருந்த சக்கர் மீனை அவர் தன் கூட்டாளி வீட்டில் கொடுத்துவிட்டார். மீன் தானாக வரவில்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்து என்ன பயன்? பிள்ளை இரண்டு மணி நேரம் அசையாவிட்டால் எனக்கும் அந்தச் செவுள்தான் கண்ணுக்குள் வந்தது.

சித்திரைக் கடைசியில் பொன்னேரியில் தையலைப் பிரித்தார்கள். மறுநாள் வலி எடுத்தது. பெண் குழந்தை. முதலில் சத்தமே இல்லை. நர்ஸ் தலைகீழாகப் பிடித்து முதுகில் தட்டினாள். பிறகு கத்தியது பாருங்கள், என் தொண்டை அப்படியே.

வார்டில் அத்தை பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு பக்கத்துக் கட்டில்காரியிடம் கதை சொல்லிக்கொண்டிருந்தாள். ஏரியிலிருந்து கொடுவா வந்ததை, நின்றதை, செத்ததை. "புள்ளைக்கு வந்த கண்டத்த அது வாங்கிக்கிச்சி. தன் உசுரக் குடுத்துட்டுப் போயிகீதும்மா" என்றாள். அந்தப் பெண் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அவர் வாசற்படியில் நின்று என்னைப் பார்த்தார்.

"அது ஒண்ணும் குடுக்கல அத்தே" என்றேன். "எத்தன தடவ வாயத் தொறந்து தொறந்து மூடிச்சி. நான் எழுந்திருக்கல. பாத்துக்கினே படுத்திருந்தேன்."

அத்தை எழுந்து வந்து பிள்ளையை என் மார்போடு சேர்த்துப் படுக்க வைத்தாள்.

"தெரியும்டி. பசில அழுவுது பாரு, பால் குடு."